அத்தியாயம் 7: ஊருக்கு ஒரு செட்டர்

சூலூர் வட்டாரத்தில் வாலிபால் கோர்ட் இருக்கிற எந்த ஊருக்குப் போனாலும் ஸ்மாஷ் அடிக்க ஆள் கிடைக்கும். பொங்கல் டோர்னமென்ட் நெருங்கியதும் தேடுவது செட்டரைத்தான். யார் ஊர்ப் பையனையாவது கூப்பிட்டு வந்து, முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் சேர்த்து ஆடவிட்டு, மறுநாள் கோர்ட்டில் இறக்குவார்கள். இந்த அத்தியாயம் சொந்த ஊர்ப் பிள்ளைகளிலிருந்தே செட்டரை உருவாக்க நினைப்பவருக்கானது. நீங்கள் பி.டி. ஆசிரியராக இருக்கலாம். வேலைக்குப் போய்வந்து சாயங்காலம் கிளப் நடத்தும் பழைய ஆட்டக்காரராக இருக்கலாம். எதிரே 12 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செட்டருக்கு இரண்டு வேலை. இரண்டாவது பந்தைத் தொட வேண்டும். அது யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். முதல் வேலையை எல்லாப் பயிற்சியாளரும் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதைப் பலர் கோட்டுக்கு வெளியே நின்று தாங்களே செய்கிறார்கள். அப்படிச் செய்கிற இடத்தில் செட்டர் உருவாகமாட்டார்.

## முதலில் சரி செய்ய வேண்டியவை

1. பந்து. சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., எடை 260 முதல் 280 கிராம், காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ. கல்லுப் போல அடித்த பந்தில் பழகும் பிள்ளை விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் பிறகு போகவே போகாது. ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
2. நெட் உயரம். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். 12, 13 வயதில் 2.10 போதும். பெரியவர்கள் ஆடும் நெட்டிலேயே சின்னப் பிள்ளைகளை விட்டால் பந்தைத் தூக்குவதற்காக முதுகை வளைத்து எறியப் பழகுவார்கள்.
3. கோர்ட். 18 மீட்டருக்கு 9 மீட்டர். 3 மீட்டர் அட்டாக் கோடு கட்டாயம் போட வேண்டும். ஊர்க் கோர்ட்டுகளில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், செட்டருக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

## யாரைத் தேர்ந்தெடுப்பது

"குள்ளமா இருக்கான், அடிக்க வராது, செட்டர்ல போடுங்க." நம் பக்கத்தில் பெரும்பாலான செட்டர்கள் இப்படித்தான் நியமிக்கப்படுகிறார்கள். இது தவறு. சுழற்சியில் ஆறில் மூன்று இடங்களில் செட்டர் முன்வரிசையில்தான் நிற்பார். எதிரணியின் ஸ்மாஷுக்கு அவரும் ப்ளாக் எழும்ப வேண்டும். உயரம் குறைந்தவர் செட்டர் ஆகலாம். ஆனால் குள்ளம் என்பதையே காரணமாகச் சொல்லி ஒருவரைச் செட்டர் ஆக்கக் கூடாது.

பார்க்க வேண்டியவை இவை:

- பந்து தாறுமாறாகப் போகும்போது யாருடைய கால் முதலில் நகர்கிறது?
- கூட ஆடுகிறவன் தப்பு செய்தால் யார் முகம் சுளிக்காமல் அடுத்த பந்துக்கு நிற்கிறான்?
- பந்து விரலுக்கு வரும் நேரத்தில் நீங்கள் நெட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டினால் "ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் பந்தையும் ஒழுங்காகத் தூக்குகிறானா?

மூன்றாவது சோதனையில் முதல் வாரம் எல்லோரும் தோற்பார்கள். மூன்றாவது வாரம் யார் தேறியிருக்கிறார் என்று பாருங்கள். இடக்கைப் பிள்ளை ஒருவர் இருந்தால் அவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பந்தையே நேராக எதிர்ப்பக்கம் அடித்துவிடும் வசதி அவருக்குக் கூடுதலாக உண்டு.

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களை அனுப்பிவிடாதீர்கள். இந்த வயதில் யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் குவாட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. பந்து யாருக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தீர்மானிப்பவர் அவர்தான். நம் செட்டரின் வேலைக்கு நெருக்கமான வேலை. அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதற்காகவே கணிப்பாளர்கள் ஆண்டு முழுக்க வீடியோ பார்க்கிறார்கள், அளக்கிறார்கள், நேர்காணல் செய்கிறார்கள். அப்படியும் 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு ஏழு சூப்பர் பவுல் பட்டங்கள் வென்றார். 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸலை 2010இல் அவருடைய அணியே விடுவித்தது. 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி இரண்டாவது பருவத்திலேயே தன் அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அவ்வளவு பணமும் ஆளும் வைத்திருப்பவர்களே இருபது வயது தாண்டியவர்களைப் பற்றி இப்படித் தவறுகிறார்கள். பதின்மூன்று வயதுப் பையனைப் பார்த்து "இவன் தேறமாட்டான்" என்று நாம் சொல்வதில் நியாயமே இல்லை.

ஆகவே மூன்று பேரையாவது சேர்த்துப் பழக்குங்கள். ஒரு வருடம் கழித்துப் பிரியலாம்.

## பழக்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். அவசரப்பட்டு ஐந்தாவது படியிலிருந்து தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

படி 1: கால். பந்து இல்லாமலே தொடங்குங்கள். செட்டர் நிற்க வேண்டிய இடம் வலது பக்கக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர், நெட்டிலிருந்து ஒரு மீட்டர். அங்கே ஒரு சாக்கை விரித்துப் போடுங்கள். ஒன்றாம் இடத்திலிருந்தும் ஆறாம் இடத்திலிருந்தும் ஐந்தாம் இடத்திலிருந்தும் ஓடிவந்து அதில் நின்று, இடது ஆன்டெனாவைப் பார்த்துத் திரும்ப வேண்டும். நிற்கும்போது நெட்டுக்குப் பக்கத்திலுள்ள வலது கால் சற்று முன்னால் இருக்கட்டும். இடது கால் முன்னால் வந்தால் இடுப்பு நெட் பக்கம் திரும்பி, பந்து எதிரணிக்குப் போய்விடும். நின்ற பிறகுதான் கை மேலே போக வேண்டும். ஓடும்போதே கையைத் தூக்கும் பிள்ளையை அங்கேயே நிறுத்தித் திரும்ப ஓடச் சொல்லுங்கள்.

படி 2: கை. நெற்றிக்கு மேலே, ஒரு பந்து அளவு இடைவெளியில் கைகள். கட்டைவிரல்கள் கண்ணை நோக்கி இருக்கட்டும். பந்து உள்ளங்கையில் படக் கூடாது. இதை இப்படிச் சோதிக்கலாம்: பந்தை நெற்றிக்கு மேலே பிடித்தபடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பந்தை மட்டும் உருவி எடுங்கள். விரல்கள் அதே வடிவில் நின்றால் சரி. உடனே மடங்கினால் அவர் பந்தைப் பிடித்துத் தள்ளுகிறார் என்று அர்த்தம். அப்புறம் சுவர். சுவரில் மூன்று மீட்டர் உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே தொடர்ந்து ஐம்பது முறை. சத்தத்தைக் கவனியுங்கள். சரியான தொடலில் சத்தமே பெரிதாக வராது. "டப்" என்று கேட்டால் உள்ளங்கை பட்டிருக்கிறது.

குறிப்பு: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் 2024 முதல், இரண்டாவது பந்தை ஒருவரே இரட்டையாகத் தொட்டாலும் பந்து தன் பக்கமே இருந்தால் தப்பு கொடுப்பதில்லை. அந்த வீடியோக்களைப் போனில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் சுழலும் பந்தைச் சரியென்று நினைப்பார்கள். நம் ரெஃப்ரீ விசில் ஊதுவார். சுழலாத பந்தையே பழக்குங்கள்.

படி 3: நாலுக்கு உயரப் பந்து. நாலாம் இடத்துக்கு, ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் உள்ளே, நெட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, உயரமாக. இது ஒன்று மட்டும் மூன்று மாதம். அட்டாக்கர்கள் சலித்துக்கொள்வார்கள், "குயிக் குடு" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அட்டாக்கர் ஓடிவந்து குதிக்க நேரம் தரும் பந்து இதுதான். பாஸ் கெட்டாலும் ஆட்டத்தைக் காப்பாற்றுவது இதுதான்.

படி 4: கெட்ட பாஸ். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பயிற்சியில் நீங்கள் பந்தை அழகாகச் சாக்குக்கு மேலேயே போட்டுக் கொடுக்கிறீர்கள். ஆட்டத்திலோ பந்து அட்டாக் கோட்டுக்குப் பின்னாலும், நெட்டுக்கு மேலும், பக்கத்து வீட்டு வேலிப் பக்கமும் போகிறது. பத்துப் பந்து போட்டால் மூன்று மட்டும் சரியாகப் போடுங்கள், ஏழைக் கெடுத்துப் போடுங்கள். அட்டாக் கோட்டுக்குப் பின்னாலிருந்து வரும் பந்துக்கு ஒரே விடைதான்: உயரம், நெட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. விரலுக்கு எட்டாத பந்தை அண்டர்ஹேண்டில் எடுக்கவும் பழக்குங்கள். அதை அவமானமாக நினைக்கும் செட்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு செட்டிலும் இரண்டு பாயிண்டைச் சும்மா கொடுக்கிறார்கள்.

படி 5: பின்னால் கொடுப்பது. இரண்டாம் இடத்துக்குத் தலைக்குப் பின்னால். நிற்கும் விதம், கை உயரம் எல்லாம் நாலுக்குக் கொடுப்பது போலவே இருக்க வேண்டும். முதுகை முன்கூட்டியே வளைத்தால் எதிர் ப்ளாக்கர் படித்துவிடுவார், இடுப்பும் வலிக்கும்.

படி 6: குயிக். மூன்றாம் இடத்து வேகப் பந்து. நாலுக்குப் பத்தில் எட்டுப் பந்து சரியாகப் போகிற நாளில் தொடங்குங்கள். ஒரே அட்டாக்கருடன் பழகட்டும்.

படி 7: இரண்டாவது பந்தைத் தட்டிவிடுவது. கடைசியாக. செட்டர் முன்வரிசையில் இருக்கும்போது மட்டும். பின்வரிசையிலிருந்து ஓடிவந்த செட்டர் அட்டாக் கோட்டுக்கு முன்னால் நின்று, நெட் உயரத்துக்கு மேலிருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் தட்டினால் தப்பு. பிள்ளைகள் இதை மறந்தே தீருவார்கள். சர்வீஸுக்கு முன்னால் "முன்னே", "பின்னே" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால் நிற்கும்.

## ஆடிக்காற்றும் சூலூர்க் கோர்ட்டும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்மைச் சும்மா விடாது. வெளியூர்ப் புத்தகங்களில் இது இருக்காது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணில் வெயில் படாமலிருக்கக் கோர்ட்டை வடக்கு தெற்காக நீளம் வைத்துப் போடுவது வழக்கம். அப்படிப் போட்டால் நெட் கிழக்கு மேற்காக நிற்கும். காற்று நெட்டின் நீளத்தோடு ஓடும். தெற்குப் பக்கம் ஆடும்போது நம் நாலாம் இடம் மேற்கே இருக்கிறது. நாலுக்குக் கொடுக்கும் பந்து காற்றை எதிர்த்துப் போய்க் குறைந்து விழும். பக்கம் மாறி வடக்கே போனதும் நாலாம் இடம் கிழக்கே வந்துவிடும். அதே பந்து காற்றோடு சேர்ந்து ஆன்டெனாவைத் தாண்டும். முதல் செட்டில் நன்றாகக் கொடுத்த செட்டர் இரண்டாவது செட்டில் ஏன் சொதப்புகிறார் என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். திட்டுவதற்கு முன் மரக்கிளையைப் பாருங்கள்.

- காற்றை எதிர்த்துக் கொடுக்கும்போது உயரத்தைக் குறைத்து, கொஞ்சம் வலுவாகத் தள்ளட்டும்.
- காற்றோடு போகும்போது ஆன்டெனாவுக்கு இரண்டு மீட்டர் உள்ளே குறி வைக்கட்டும்.
- பயிற்சியில் பாதி நேரம் ஒரு பக்கம், பாதி நேரம் மறுபக்கம். எப்போதும் ஒரே பக்கம் நின்று பழகும் கிளப்புகள் அதிகம்.

## முடிவெடுக்கப் பழக்குவது

கை பழகியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டியவர் நீங்கள். "நாலுல குடு, நாலுல குடு" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினால் செட்டர் ப்ளாக்கரைப் பார்ப்பதை விட்டு உங்கள் குரலைக் கேட்க ஆரம்பிப்பார். எதிரணியும் அதே குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன் செட்டர் தனக்குள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் முன்வரிசையில் அடிக்க எத்தனை பேர்? எதிர்ப்பக்கம் உயரம் குறைந்த ப்ளாக்கர் எங்கே? போன பந்தில் தப்பு செய்தவன் யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சிலருக்கு உடனே அடுத்த பந்தைக் கொடுத்தால்தான் தைரியம் திரும்பும். சிலரை இரண்டு பந்து ஆறவிட வேண்டும். கூட ஆடுகிறவர்களை அறிந்திருப்பதும் செட்டரின் வேலைதான்.

டைம்அவுட் 30 விநாடி. உத்தரவு போடாமல் கேளுங்கள்:

"ஏங் கண்ணு நாலுக்குக் குடுத்த?"

"அங்க ஒரே ப்ளாக்கர்தானுங் சார் நின்னான்."

"செரி. அப்பறம் ஏன் பாயிண்ட் வல்ல?"

"பந்து ஒசரம் பத்தலைங் சார்."

இந்தப் பையனின் முடிவு சரி, கைதான் தவறியது. நீங்கள் கத்தியிருந்தால் அடுத்த முறை நல்ல முடிவையும் சேர்த்து விட்டிருப்பான். முடிவையும் கையையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும்.

வீடியோவில் கணிப்பு. பிரைம் வாலிபால் லீக் ஆட்டம் ஒன்றை எடுங்கள். 2022இல் தொடங்கிய இந்த லீகில் செட் 15 பாயிண்டுதான் என்பதால் ஒரு செட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பார்கள். பந்து செட்டரின் விரலைத் தொடுவதற்கு முன் நிறுத்துங்கள். எங்கே போகும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும்: 4, 3, 2, பின்வரிசை. பிறகு ஓடவிடுங்கள். சரியா தப்பா என்பதோடு விடாமல் "எதைப் பார்த்து அப்படி எழுதின?" என்று கேளுங்கள். இந்திய அணியின் தலைவராக இருந்த மோகன் உக்ரபாண்டியன், 2023இல் அந்த லீகை வென்ற அகமதாபாத் அணியின் முத்துசாமி அப்பாவு இருவரும் தமிழ்நாட்டுச் செட்டர்கள். அவர்கள் ஆடும் செட்டுகளில் இந்தக் கணிப்பு அதிகம் தவறும். எதனால் தவறியது என்று பேசுவதே பாடம்.

எதிரணிச் செட்டரைப் படிப்பது. காத்திருக்கும் நேரத்தில் வெளியே உட்கார்ந்திருக்கும் இளைய செட்டரிடம் நோட்டைக் கொடுங்கள்.

1. ஆறு கட்டம் போடவும், சுழற்சிக்கு ஒன்று. எதிரணிச் செட்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று குறிக்கவும்.
2. பாஸ் நன்றாக வந்தபோது பந்து எங்கே போனது, கெட்டபோது எங்கே போனது என்று இரண்டு நிறத்தில் எழுதவும்.
3. செட்டர் 2, 3, 4ஆம் இடங்களில் இருந்தால் முன்வரிசையில் அடிக்க இருவர்தான் என்பதை எழுதிவைக்கவும். அந்த மூன்று கட்டங்களில்தான் நம் ப்ளாக்குக்குப் பாயிண்ட் கிடைக்கும்.
4. 20க்கு மேல் போன பாயிண்டுகளைத் தனியாகப் பார்க்கவும். நெருக்கடியில் பெரும்பாலான செட்டர்கள் நம்பிக்கையான ஒரே கைக்குத்தான் கொடுப்பார்கள்.

காத்திருக்க வைப்பது. பிள்ளை தயாராகிவிட்டான் என்று தோன்றியதும் பெரியவர் டீமில் இறக்கிவிடத் துடிப்பீர்கள். முன்பு சொன்ன அமெரிக்க ஆட்டத்தில் ஆரோன் ராஜர்ஸ் 2005இல் எடுக்கப்பட்டு, மூத்தவர் பிரெட் ஃபார்வின் பின்னால் மூன்று பருவம் காத்திருந்து, 2008இல்தான் முதல் ஆட்டக்காரர் ஆனார். பேட்ரிக் மஹோம்ஸ் முதல் வருடம் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். காத்திருப்பது என்றால் தண்ணீர் பாட்டில் தூக்குவதல்ல: நோட்டு எழுதுவது, வார்ம்-அப்பில் பெரியவர்களுக்குப் பந்து தூக்குவது, வென்றுகொண்டிருக்கும் செட்டில் கடைசி ஐந்து பாயிண்ட் ஆடுவது. பரிசுத்தொகை இருக்கிற இறுதியாட்டத்தில் பதினான்கு வயதுச் செட்டரை முதல்முறையாக இறக்காதீர்கள்.

## பாதுகாப்பு

- விரல். ஆடும் முன் நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றிவிட வேண்டும். விரல் மடங்கி அடிபட்டால் யாரையும் இழுத்து நீவ விடாதீர்கள். உடைந்திருந்தால் இழுப்பதில் இன்னும் கெடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். விரல் நுனியை நிமிர்த்த முடியாவிட்டாலோ, விரல் கோணியிருந்தாலோ அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.
- கணுக்கால். நெட்டுக்கு அடியில் எதிராளியின் பாதத்தின் மேல் இறங்குவதால்தான் பெரும்பாலும் சுளுக்கு. நடுக்கோட்டைத் தாண்டும் பிள்ளையைப் பயிற்சியிலும் விடாமல் நிறுத்துங்கள்.
- கம்பம். பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டராவது வெளியே நட்டு, ஆள் உயரத்துக்குப் பழைய மெத்தையோ ஃபோமோ சுற்றுங்கள். இழுத்துக் கட்டும் கம்பியில் வண்ணத் துணி கட்டுங்கள். கெட்ட பாஸை நோக்கித் தலையை உயர்த்தி ஓடுகிறவர் செட்டர்தான். அந்தக் கம்பி அவர் கண்ணில் படாது.
- வளரும் வயது. குதிகாலும் முழங்காலுக்குக் கீழும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் "சும்மா சொல்றான்" என்று தள்ளாதீர்கள். எலும்பு வளரும் வயதில் இது வரும். குதிப்பதைக் குறையுங்கள், வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.
- வெயில். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் இடைவேளையைப் பிள்ளைகள் கேட்கும்வரை தள்ளிப்போடக் கூடாது.

## விடுதித் தேர்வுக்கு அனுப்பும்போது

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு மூலம் சேர்க்கிறார்கள். வீட்டில் பெற்றோருடன் முன்கூட்டியே பேசிவிடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். பின்னால் மாட்டினால் பிள்ளையின் ஆட்டமே நின்றுபோகும்.

தேர்வில் செட்டருக்கு ஒரு சிக்கல் உண்டு. முன்பின் தெரியாத அட்டாக்கருக்குப் பந்து தூக்க வேண்டியிருக்கும். அவர் அடிக்கத் தவறினால் செட்டர் சரியில்லை என்று தோன்றும். பிள்ளையிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்: கோர்ட்டில் இறங்கியதும் அட்டாக்கரிடம் போய்ப் பெயரைக் கேள். எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேள். முதல் மூன்று பந்தும் நாலுக்கு, உயரமாக, நெட்டிலிருந்து தள்ளியே கொடு. அவர் இரண்டு முறை நன்றாக அடித்த பிறகு வேண்டுமானால் குயிக்.